பூவுக்கு முன் கணுவைப் பாருங்கள்

2017ஆம் ஆண்டில், சீமைக்கருவேல மரங்களை அகற்றும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டதை அடுத்துப் பல ஊர்களில் அந்த வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, நானும் ஒரு குழுவோடு சேர்ந்து ஒரு குன்றின் அடிவாரப் புதர்க்காட்டுக்குப் போயிருந்தேன். சிறுசிறு இலைகளும் கூரிய முள்ளும் உள்ளதெல்லாம் சீமைக்கருவேல் என்ற ஒற்றை அடையாளத்தைச் சொல்லித்தான் எங்கள் கையில் அரிவாளைக் கொடுத்திருந்தார்கள். ஏழெட்டுப் புதர்களை வெட்டிச் சாய்த்த பிறகு, அந்த வழியாக ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "இது விடத்தலையாச்சே, இதையேம்ப்பா வெட்டுறீங்க?" என்று கேட்டார். எங்களில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை. அவர் கீழே கிடந்த ஒரு கிளையை எடுத்து, அதன் முள்ளை விரலால் தொட்டுக் காட்டி, "முள்ளு மேலேயே எலை இருக்கு பாருங்க. சீமைக்கருவைக்கு இப்படி இருக்குமா?" என்றார்.

உண்மையில் அந்த ஒரு கேள்வியில் தாவரவியல் பாடம் ஒன்று முழுமையாக அடங்கியிருந்தது. விடத்தலையில், சில ஊர்களில் விடத்தேரை என்று சொல்லும் செடியில், பக்கக் கிளையே குறுகிக் கூராகி முள்ளாக முடிகிறது. கிளை என்பதால் அதன் மேல் இலை வளர்கிறது. சீமைக்கருவேலின் முட்களோ இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் வெறும் முட்களாக நிற்கின்றன. அவற்றின் மேல் இலை வருவதில்லை. சீமைக்கருவேலின் இலை ஓரிரு இணைக் கிளைக்காம்புகளாகப் பிரிந்து நின்றுவிடும். விடத்தலையின் இலையில் அந்த இணைகள் பல. இணைகள் சேரும் இடத்தில் குண்டூசித் தலை போன்ற சிறு சுரப்பிகள் நிமிர்ந்து நிற்பதை லென்ஸ் இல்லாமலேயே பார்க்கலாம். இவ்வளவு வேறுபாடுகள் கண்ணெதிரே இருந்தும், பூக்காத பருவத்தில் அவை இரண்டும் எனக்கு ஒரே செடியாகத் தெரிந்தன. நான் வெட்டியது இந்த மண்ணின் செடி என்ற எண்ணம் பல நாட்கள் என்னை விட்டுப் போகவில்லை. காட்டில் பூக்கும் நம் புதர்ச்செடிகளைப் பெயர் சொல்லி அறியவேண்டும் என்ற முயற்சி எனக்கு அந்த நாளில்தான் தொடங்கியது.

தொடக்கத்தில் எல்லோரையும் போல நானும் பூவிலிருந்தே ஆரம்பித்தேன். பூவைப் படம் பிடித்து, வெள்ளை, மஞ்சள், ஊதா என்று நிறவாரியாக அடுக்கி வைத்தேன். ஓராண்டுக்குள் அந்த அடுக்கு முழுவதும் குழம்பிப்போனது. மருக்காரையின் பூ மலரும்போது தூய வெள்ளையாக இருக்கிறது, வாடும் முன் மஞ்சளாகிவிடுகிறது. ஒரே கிளையில் இரண்டு நிறங்களும் அடுத்தடுத்து நிற்கும். ஆதண்டையின் வெள்ளைப் பூ நேரம் செல்லச் செல்ல இளஞ்சிவப்பாக மாறுகிறது. இவற்றை நிறத்தால் தேடினால் ஒரே செடிக்கு இரண்டு பக்கங்கள் ஒதுக்க வேண்டியிருக்கும். இதைவிடப் பெரிய தடை ஒன்றும் இருக்கிறது. நம் புதர்ச்செடிகளில் பல ஆண்டில் சில வாரங்களே பூக்கின்றன. மீதி மாதங்களில் அவை பச்சைப் புதர்களாகவே நிற்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த புல்வெளிகளில் வளரும் நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது ஊரறிந்த செய்தி. 2006இலும் 2018இலும் அது பூத்ததைப் பார்க்க மக்கள் திரண்டார்கள். பூவால் மட்டுமே அதை அறிந்தவர், இடைப்பட்ட ஆண்டுகளில் அதே செடியின் நடுவே நின்றாலும் அதை அறியமாட்டார்.

ஆகவே பூவை ஒதுக்கிவைத்துவிட்டுக் கணுவிலிருந்து தொடங்குவதே சரியான வழி என்று நான் நம்புகிறேன். இலை தண்டோடு சேரும் இடம் கணு. ஒரு கணுவில் ஓர் இலை மட்டும் முளைத்து, அடுத்த கணுவில் அடுத்த பக்கம் இன்னொன்று முளைத்தால் அது மாற்றிலை அமைவு. ஒரே கணுவில் இரண்டு இலைகள் முகம் பார்த்து நின்றால் அது எதிரிலை அமைவு. இது எளிய வேறுபாடாகத் தோன்றினாலும், பார்த்த மாத்திரத்தில் காட்டின் பாதிச் செடிகளை ஒதுக்கிவிட உதவும். ஒரு கிளையை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஆடு கடித்த கிளையிலும் வெட்டுப்பட்டுத் துளிர்த்த கிளையிலும் அமைவு தெளிவாகத் தெரியாது. நன்றாக வளர்ந்த இரண்டு மூன்று கிளைகளைப் பார்த்த பிறகே குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த முறையின் வலிமை எனக்குப் புரிந்தது களாவையும் காரையையும் பிரித்தறியப் பழகியபோதுதான். இரண்டும் ஒரே புதர்க்காட்டில், பல இடங்களில் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு வளர்கின்றன. இரண்டுக்கும் எதிரிலை, இரண்டுக்கும் ஆழமாகக் குத்தும் முள், பெயர்களும் காதில் ஏறக்குறைய ஒன்றுபோல் விழுகின்றன. ஆனால் களாவின் ஓர் இலையைக் கிள்ளினால் காம்பின் நுனியில் வெண்ணிறப் பால் துளிர்த்து நிற்கும். அரளியும் நந்தியாவட்டையும் சேர்ந்த குடும்பத்துச் செடி அது; பால் அந்தக் குடும்பத்தின் முத்திரை. களாவின் முள் பல சமயம் நுனியில் இரண்டாகப் பிளந்திருப்பதையும் பார்க்கலாம். காரையின் இலையைக் கிள்ளினால் பால் வராது. அதற்குப் பதிலாக, எதிரெதிரே நிற்கும் இரண்டு இலைக்காம்புகளுக்கும் நடுவே தண்டின் மேல் ஒரு சிறு முக்கோணச் செதில் ஒட்டியிருக்கும். அதை இலையடிச் செதில் என்பார்கள். எதிரிலையும், பிளவுபடாத இலை ஓரமும், காம்புகளுக்கு இடையில் இந்தச் செதிலும் சேர்ந்து அமைந்துவிட்டால், அந்தச் செடி காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது என்று பூவைப் பார்க்காமலேயே சொல்லிவிடலாம். எனக்குத் தெரிந்தவரை, கள அடையாளங்களில் இதைப் போல நம்பகமானது வேறில்லை. முதல்முறையாக அந்தச் செதிலை லென்ஸில் பார்த்த அன்று, அதுவரை வெறும் முட்புதர் என்று நான் கடந்து போயிருந்த ஒரு சரிவில் இந்தக் குடும்பத்துச் செடிகள் மட்டும் ஐந்து வகை இருப்பதைக் கண்டு அங்கேயே வெகுநேரம் நின்றுவிட்டேன்.

காரை என்ற பெயரே ஒன்றுக்கு மேற்பட்ட செடிகளைக் குறிக்கிறது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். மருக்காரையின் பூ பெரியது; அதன் காயின் உச்சியில் புல்லிவட்டம் உதிராமல் ஒரு சிறு கிரீடம் போல ஒட்டிக்கொண்டிருக்கும். வெறுமனே காரை என்று வழங்கும் மற்றொன்றில் மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் மிகச் சிறிய, நான்கு இதழ்ப் பூக்கள் கொத்தாக வரும். பழுத்தால் மஞ்சளாகும் அதன் கனி இருபுறமும் சற்றே புடைத்து நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். எதிரிலை இருந்து, முள் இருந்து, பாலும் இல்லாமல் செதிலும் தென்படாமல் போனால் சங்கஞ்செடியாக இருக்கக்கூடும். அதை உறுதிப்படுத்த ஒரு கணுவில் உள்ள முட்களை எண்ணிப் பார்த்தால் போதும்: பெரும்பாலும் நான்கு இருக்கும். அதன் அறிவியல் பெயரின் இரண்டாம் பாதியான டெட்ரகாந்தா என்பதற்கும் நான்கு முள் என்றுதான் பொருள்.

முள் எங்கிருந்து முளைக்கிறது என்ற கேள்வியை நான் எந்தச் செடியிடமும் கேட்காமல் விடுவதில்லை. விடத்தலையைப் போலக் கிளை முள்ளாவது ஒரு வகை. இலந்தையிலும் ஆதண்டையிலும் இலைக்காம்பின் அடியில் இருக்கவேண்டிய செதில்களே முட்களாகியிருக்கின்றன. இலந்தையில் அந்த இரண்டில் ஒன்று நேராகவும் மற்றொன்று கொக்கியாகவும் இருப்பதைக் காணலாம். இலந்தையின் நெருங்கிய உறவான சூரையில் பெரும்பாலும் ஒற்றைக் கொக்கி முள்தான் இருக்கும். கணு, இடைக்கணு என்ற ஒழுங்கே இல்லாமல் தண்டின் தோல் முழுவதும் முட்கள் சிதறிக் கிடப்பது மூன்றாவது வகை. உண்ணிச்செடியின் முள் அப்படிப்பட்டது. அதன் தண்டைச் சற்றுக் கவனமாக விரலால் உருட்டிப் பார்த்தால் நான்கு விளிம்புகள் தெரியும். இலையைக் கசக்கினால் கடுமையான நெடி எழும். ஒரே கொத்தில் உட்பக்கப் பூக்கள் மஞ்சளாகவும் வெளிவட்டப் பூக்கள் வேறு நிறமாகவும் இருக்கும். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுச் செடியாகக் கொண்டுவரப்பட்டு இன்று நம் காடுகளின் அடித்தளத்தையே மூடிக்கொண்டிருக்கும் அதை அடையாளம் காண்பது எளிது. அதன் அடர்த்திக்குள் மூச்சுத் திணறி நிற்கும் நம் செடியை அடையாளம் காண்பதுதான் கடினம், உண்ணிச்செடியை அகற்றுவோர் கற்கவேண்டியதும் அதுதான்.

இனி இலைக்கு வருகிறேன். இலையை மேலிருந்து பார்ப்பதோடு நிறுத்தாமல், கிளையை வளைத்து இலையைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்க்கும் பழக்கத்தை ஒவ்வொருவரும் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். கொஞ்சி, காட்டெலுமிச்சை, மிளகரணை ஆகிய எலுமிச்சைக் குடும்பத்துச் செடிகளின் இலையை அப்படிப் பிடித்தால், ஊசியால் குத்தியது போல ஒளி ஊடுருவும் புள்ளிகள் இலை முழுவதும் மின்னும். அவை நறுமண எண்ணெய் தங்கியிருக்கும் சிறு அறைகள். அந்த இலையைக் கசக்கினால் வரும் எலுமிச்சை மணத்துக்கு அவையே காரணம். பாவட்டையின் இலையை அதேபோலப் பிடித்தால் இதற்கு நேர்மாறான காட்சி: ஒளிப் புள்ளிகளுக்குப் பதிலாகக் கரும்பச்சைப் புள்ளிகள், மை தெளித்தது போல ஆங்காங்கே தென்படும். முதலில் பார்த்தபோது நோய் தாக்கிய இலை என்று எண்ணி வேறொரு செடியைத் தேடினேன். அதிலும் அதே புள்ளிகள் இருந்தன. இலைக்குள் வாழும் பாக்டீரியாக்களின் குடியிருப்புகள் அவை என்று பின்னர் அறிந்துகொண்டேன். இந்த நுண்ணுயிர்கள் விதை வழியாகவே அடுத்த தலைமுறைச் செடிக்குச் செல்கின்றன. செடியும் அவையும் பிரியாமல் சேர்ந்து வாழ்கின்றன. ஒரு புதரை அறிய இதைவிட உறுதியான அடையாளத்தை எப்படிக் கேட்பது?

பாவட்டையைப் பற்றி இன்னும் சிறிது சொல்லவேண்டும், ஏனெனில் நம் புதர்க்காடுகளில் பலரும் தடுமாறும் மூன்று வெள்ளைப் பூக்களில் அது ஒன்று. பாவட்டை, சுலுந்து, தெரணி ஆகிய மூன்றும் காப்பிக் குடும்பத்தவை. மூன்றிலும் கிளை நுனியில் வெள்ளைப் பூங்கொத்து. முதலில் இதழ்களை எண்ணுங்கள். தெரணிக்கு ஐந்து, மற்ற இரண்டுக்கும் நான்கு. அந்த இரண்டில் பூவின் நடுவிலிருந்து வெளியே நீளும் சூலகத்தண்டைப் பாருங்கள். பாவட்டையில் அது மெல்லிய ஊசி போலப் பூவைத் தாண்டி வெகுதூரம் நீண்டு நிற்கும். ஒரு முழுக் கொத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஊசிகள் செருகிய பந்து போலிருக்கும். சுலுந்தில் அது சிறிதளவே வெளியே தெரியும். அதன் நுனியான சூலகமுடி இரண்டாகப் பிளந்து பின்னோக்கி வளையும். சிவப்புப் பூப் பூக்கும் வெட்சியும் சுலுந்தின் பேரினமே என்பதால் அதிலும் இதே அமைப்பைக் காணலாம்.

ஒருநாள் விடியற்காலையில், அப்போதுதான் விரிந்த ஒரு பாவட்டைப் பூவைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸின் கீழ் பார்த்தேன். சூலகத்தண்டின் மேற்பகுதியில் மகரந்தம் மாவு பூசியது போல ஒட்டியிருந்தது. சூலகத்தில் மகரந்தம் ஏற்கெனவே சேர்ந்துவிட்டதே, வண்டுகள் அதற்குள் வந்துபோயிருக்குமோ என்று நினைத்தேன். நடப்பது வேறு. பூ மொட்டாக இருக்கும்போதே மகரந்தப் பைகள் வெடித்து, தங்கள் மகரந்தத்தை அருகிலிருக்கும் சூலகத்தண்டின் மேல் ஏற்றிவிடுகின்றன. பூ விரிந்ததும் அந்தத் தண்டு வெளியே நீண்டு, வரும் பூச்சியின் உடலில் மகரந்தத்தைத் தடவுகிறது. அதன் சூலகமுடி மகரந்தத்தை ஏற்கும் நிலையை அடைவது அதன் பிறகுதான். இந்தச் செடியைப் பாதையோரத்தில் எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். குனிந்து ஐந்து நிமிடம் பார்க்கும் வரை இது எதுவும் எனக்குத் தெரியாது.

மஞ்சள் பூக்களில் ஆவாரையை அறியாதவர்கள் குறைவு என்றாலும், அதன் உறவான பேயாவரையை ஆவாரை என்று எண்ணுவோர் பலர். இரண்டுக்கும் பல சிற்றிலைகள் சேர்ந்த கூட்டிலை, இரண்டுக்கும் ஐந்து மஞ்சள் இதழ்கள். ஆனால் ஆவாரையின் கூட்டிலைக் காம்பில் ஒவ்வொரு சிற்றிலை இணைக்கும் நடுவே ஒரு சுரப்பி நிமிர்ந்து நிற்கும். பேயாவரையில் காம்பின் அடியில் ஒரே ஒரு சுரப்பி, அவ்வளவுதான். ஆவாரையின் சிற்றிலை முனை மழுங்கியது, பேயாவரையுடையது கூரானது. ஆவாரையின் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காது மடல் போன்ற அகன்ற செதில்கள் இருக்கும். அதன் அறிவியல் பெயரான சென்னா ஆரிகுலேட்டாவில் உள்ள இரண்டாம் சொல் காதையே குறிக்கிறது. ஆவாரை இந்த நிலத்துக்குரியது. பேயாவரை அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து பரவியது. பூவை மட்டும் படம் பிடித்து வந்தால் இந்த வேறுபாட்டை வீட்டிலிருந்தபடி உறுதி செய்யவே முடியாது. ஆகவே ஒரு செடிக்கு இலையின் மேற்புறம், அடிப்புறம், கணு, முள், மொட்டு, பூவின் பக்கவாட்டுத் தோற்றம், காய் என்று குறைந்தது ஏழு படங்களாவது எடுக்கிறேன். ஆவாரையின் அருகில் காத்திருந்தால் இன்னொன்றையும் கேட்கலாம்: பெரிய கருந்தேனீ பூவைப் பற்றிக்கொண்டு இறக்கைத் தசைகளை அதிரவைக்கும்போது எழும் ரீங்காரம். மகரந்தப் பைகள் பக்கவாட்டில் வெடிக்காமல் நுனித் துளை வழியாகவே மகரந்தத்தை வெளிவிடுவதால், அந்த அதிர்வு தேவைப்படுகிறது.

ஒரு செடி நம் மண்ணுக்குரியதா என்பதை அதன் பெருக்கத்தை வைத்தோ, அதற்குத் தமிழ்ப் பெயர் இருப்பதை வைத்தோ சொல்லிவிட முடியாது. சப்பாத்திக்கள்ளிக்கு ஊரெல்லாம் தமிழ்ப் பெயர் உண்டு. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. விராலி பல கண்டங்களில் வளர்கிறது. ஆயினும் இங்கும் இயல்பாக வளரும் செடிதான். இதற்குப் பதிவுகளைத்தான் நாடவேண்டும். சென்னை மாகாணத்தின் தாவரங்களை விவரித்த தாவரவியலாளர் கேம்பிளின் தொகுதிகள் 1915இல் தொடங்கி, அவர் மறைவுக்குப் பிறகு ஃபிஷரின் உழைப்பால் 1936இல் நிறைவடைந்தன. திருச்சிராப்பள்ளியிலும் கோயம்புத்தூரிலும் உள்ள உலர்தாவரகங்களில், உலர்த்தி ஒட்டிய கிளைகளோடு அவை எடுக்கப்பட்ட இடமும் நாளும் பதிவாகியிருக்கின்றன. இவற்றைப் பார்க்காமல் கைப்பேசிச் செயலி சொல்லும் பெயரை அப்படியே ஏற்பதை நான் தவிர்க்கிறேன். செயலி பயனுள்ள தொடக்கம்தான். ஆனால் அது பூவைப் பார்க்கிறது, கணுவைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

அறிவியல் பெயர்களைக் கண்டு தயங்குவோரிடம் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். பாவட்டையின் பேரினப் பெயர் பாவெட்டா. மருக்காரையின் பேரினப் பெயர் கட்டுநாரெகம். காட்டு நாரகம் என்ற பெயர்தான் அது. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளியான பன்னிரண்டு தொகுதி மலபார்த் தாவர நூலில் பதிவான நம் பக்கத்துச் சொற்களே இவ்வாறு உலகப் பெயர்களாகியிருக்கின்றன. என் குறிப்பேட்டில் ஊர்ப் பெயர், அதைச் சொன்ன இடம், அறிவியல் பெயர் ஆகிய மூன்றையும் சேர்த்தே எழுதுகிறேன். தொரட்டி என்று ஓர் ஊரில் சொல்லும் செடி அடுத்த ஊரில் வேறொன்றாக இருக்கலாம். அதனால் ஊர்ப் பெயர் தவறு என்றாகிவிடாது.

எதையும் பிடுங்கி எடுத்துவர வேண்டியதில்லை. காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதோ செடியைப் பறிப்பதோ சட்டப்படி குற்றம். பொது வழியின் ஓரத்தில் நின்றுகொண்டே லென்ஸையும் குறிப்பேட்டையும் வைத்து ஓராண்டுக்குப் போதுமான பாடத்தைக் கற்கலாம். ஒரே தடத்தை மாதம் ஒருமுறை நடப்பது, பத்துக் காடுகளுக்கு ஒவ்வொரு முறை போவதைவிட மேலானது. ஏப்ரலில் இலையின்றி நின்ற புதரை, கோடை மழைக்குப் பின் துளிரோடும், அடைமழைக்குப் பின் காயோடும் பார்த்தவருக்கு அது எந்த வேடத்திலும் தெரிந்துவிடும்.

நான் விடத்தலையை வெட்டிய அந்த அடிவாரத்துக்கும் அப்படித்தான் மாதந்தோறும் போய்க்கொண்டிருந்தேன். விடத்தலைக்கு வேரிலிருந்து துளிர்க்கும் ஆற்றல் உண்டு. அந்த ஆண்டின் வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு, வெட்டிய கட்டைகளைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குக் குச்சிகள் எழுந்து நின்றன. ஒவ்வொன்றின் முள்ளையும் தொட்டுப் பார்த்தேன். முள்ளின் மேல் இலை இருந்தது. பிறகு ஒரு பருவத்தில் அவை பூத்தன: காம்பருகில் இளஞ்சிவப்பும் நுனியில் மஞ்சளுமாக, ஒரே கதிரில் இரண்டு நிறங்கள், தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஆட்டுக்காரப் பெரியவரை அதன் பிறகு நான் பார்க்கவில்லை. அந்தக் கதிரின் படத்துக்குக் கீழே, அவர் சொன்ன பெயரை அவர் சொன்னபடியே எழுதி வைத்திருக்கிறேன்.